ஜெபிக்கக்கூடத் தெம்பில்லை: இது விசுவாசக் குறைவா, வெறும் களைப்பா?

வாசகர் கேள்வி – பிப்ரவரி 9, இரவு 9.15

ஆறு மாதமாக ஜெபிக்க உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. அழுகையும் வரவில்லை. ஆராதனையில் எல்லாரும் பாடும்போது வாயை மட்டும் அசைக்கிறேன். "என்னிடத்தில் வாருங்கள், நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்" என்ற வசனத்தைப் படித்தால் கோபம் வருகிறது. வந்துதானே இருக்கிறேன், எங்கே இளைப்பாறுதல்? சோர்வு வந்தால் ஜெபத்தைக் கூட்டு என்கிறார்கள். கூட்டுவதற்குப் பெலன் இல்லை. இது விசுவாசக் குறைவா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9, இரவு 11.50

விசுவாசக் குறைவு இல்லை. களைப்பு. இரண்டும் வேறு வேறு. எனக்கு இது விளங்க இரண்டு வருடம் பிடித்தது.

1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் படியுங்கள், எலியா தீர்க்கதரிசியின் கதை. கர்மேலில் அக்கினி இறங்கி, மழையும் பெய்து, எல்லாம் ஜெயமாக முடிந்த கையோடு யேசபேல் ராணி ஆள் அனுப்பி ஒரே ஒரு மிரட்டல் விடுகிறாள். எலியா ஓட்டம் பிடிக்கிறான். ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறான். தேவதூதன் வந்து என்ன சொன்னான்? துதி என்றானா, உபவாசம் இரு என்றானா? தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டான், குடித்தான், திரும்பவும் படுத்துக்கொண்டான். படுத்தவனை யாரும் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாம் தரம் வந்தபோதும் அதே பேச்சுதான், கூடவே ஒரு காரணம்: "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்."

அந்த அதிகாரம் என்றால் எல்லாரும் மெல்லிய சத்தத்தைப் பற்றித்தான் பிரசங்கிப்பார்கள். எனக்குப் பிடித்தது அவன் திரும்பப் படுத்துக்கொண்ட இடம்.

நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? முதலில் அதைச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 10, காலை 5.20

தூக்கத்தைப் பற்றி உபதேசித்தவள் தூங்கினாளா என்று கேட்காதீர்கள். நேரத்தைப் பார்த்தாலே தெரியும்.

அம்மாவுக்கு மறதி நோய். நான்கு வருடமாக என்னோடு இருக்கிறார். பகலெல்லாம் எனக்கு வேலை. ராத்திரியில் அம்மா இரண்டு மூன்று தரம் எழுந்து, வீட்டுக்குப் போகலாம் என்பார். இதுதான் வீடு என்று சொல்லக் கூடாது, சொன்னால் அழுவார். கையில் ஒரு செருப்பைப் பிடித்துக்கொண்டு கதவருகே நிற்பார். எப்போதும் வலது செருப்புதான். இடது, கட்டிலுக்கடியில் எங்காவது கிடக்கும். "இன்னொரு செருப்பையும் தேடி எடுத்துக்கிட்டுப் போகலாம் அம்மா" என்பேன். இருவரும் குனிந்து தேடுவோம். தேடிக்கொண்டிருக்கும்போதே எதைத் தேடுகிறோம் என்பது அவருக்கு மறந்துவிடும். படுத்துத் தூங்கிவிடுவார். எனக்கு மட்டும் தூக்கம் போயிருக்கும்.

இதற்கு நடுவில் ஓய்வுநாள் பள்ளி, ஜெபக்குழு. யார் வீட்டில் கஷ்டம் என்றாலும் முதல் போன் எனக்குத்தான். ஒரு ஜெபக் குறிப்பேடு வைத்திருந்தேன், 38 பெயர்கள். ஒரு நாள் காலை வழக்கம்போல் பெயர்மேல் விரலை வைத்து, ஒவ்வொருவருக்கும் "ஆண்டவரே" என்று மட்டும் சொல்லி அடுத்த வரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பெயரில் விரல் நின்றது. அவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அடக்க ஆராதனைக்கு நானே போயிருந்தேன். அவருடைய ஆபரேஷன் நல்லபடியாக முடியவேண்டும் என்று எட்டு மாதமாகத் தினமும் ஜெபித்திருக்கிறேன்.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் பயம் வந்தது.

பிப்ரவரி 10, மாலை 6.40

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. எலியாவோடு ஒரு வேலைக்காரன் இருந்தானே, அவன் என்ன ஆனான் என்று ஒரு சகோதரி கேட்கிறார். மூன்றாம் வசனத்தில் இருக்கிறது: அவனைப் பெயெர்செபாவில் நிறுத்திவிட்டு, எலியா மட்டும் வனாந்தரத்துக்குள் ஒரு நாள் பயணம் போகிறான்.

இத்தனை வருடம் இதைக் கவனிக்காமலே படித்திருக்கிறேன். களைத்துப் போனவன் முதலில் செய்கிற காரியமே இதுதான்: கூட இருப்பவரைப் பாதி வழியில் நிறுத்திவிட்டுத் தனியாகப் போவது. போய்ச் சேர்ந்த பிறகு "நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று முறையிடுவது.

இன்னொன்றும் பாருங்கள். ஓரேப் மலையில் கர்த்தர் இரண்டு தரம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்: எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்? 10-ஆம் வசனத்தில் அவன் சொன்ன பதிலும் 14-இல் சொன்ன பதிலும் ஒன்றேதான். நடுவில் பெருங்காற்று, பூமி அதிர்ச்சி, அக்கினி, மெல்லிய சத்தம் எல்லாம் வந்துபோயின. பதிலில் மாற்றமில்லை. மனப்பாடம் செய்துவைத்த பேச்சு. களைப்புக்கு ஒரு பல்லவி உண்டு. யார் எந்தக் கேள்வி கேட்டாலும் அதுதான் வாயில் வரும். என் பல்லவி "நான் ஒருத்தி என்னதான் செய்வேன்". அண்ணன் போன் செய்தால், எப்படி இருக்கிறாய் என்று கேட்டு முடிப்பதற்குள் ஆரம்பித்துவிடுவேன்.

கர்த்தர் அந்தப் பல்லவியோடு வாதாடவில்லை. இன்னின்னாரை அபிஷேகம் பண்ணு, உன் ஸ்தானத்துக்கு எலிசா வருவான் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார். கடைசியில், சொல்லிவைப்போமே என்பதுபோல், பாகால் விக்கிரகத்துக்கு முழங்கால் முடக்காத 7000 பேர் இருக்கிறார்கள் என்றார். ஒருவன் மட்டும் என்றவனிடம் ஏழாயிரம்!

பிப்ரவரி 12, இரவு 10.05

அந்த வசனத்தைப் படித்தால் கோபம் வருகிறது என்றீர்கள். எனக்கும் வந்திருக்கிறது. "தருவேன்" என்று எழுதியிருக்கிறது, கையை நீட்டினால் காணோம்.

ஆனால் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். இளைப்பு, அது ஆறுதல். புண் ஆறுகிறது, சூடு ஆறுகிறது, பசி ஆறுகிறது. தமிழில் "ஆறு" என்று முடிகிற எதுவும் சட்டென்று நடப்பதில்லை. ஆறிய புண்ணைக் காட்டி, எந்த நிமிடத்தில் ஆறியது என்று கேட்டால் சொல்ல முடியாது. சொறிந்துகொண்டே இருந்தால் ஆறாது என்பது மட்டும் தெரியும். நான் தினமும் காலையில் "இன்றைக்கு ஆறியதா, இன்றைக்கு ஆறியதா" என்று கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிரேக்கத்தில் மத்தேயு 11:28-இல் "தருவேன்" என்று தனியாக ஒரு சொல் கிடையாது. உங்களை இளைப்பாறச் செய்வேன் என்கிற ஒரே வினைச்சொல்தான். செய்கிறவர் அவர். நமக்குக் கொடுக்கப்பட்ட வேலை வருவது மட்டும்.

சங்கீதம் 23-இலும் இப்படி ஒன்று உண்டு. "புல்லுள்ள இடங்களில் மேய்த்து" என்று நாம் படிக்கிறோம். எபிரெயச் சொல்லுக்குப் படுக்கவைப்பது என்று பொருள். ஆடு நின்றுதான் மேயும். படுத்திருக்கிற ஆடு, வயிறு நிறைந்து, பயம் தெளிந்த ஆடு. அதை மேய்ப்பன் படுக்கவைக்கிறான். தானாகப் படுக்கத் தெரியாத ஆடுகளும் இருக்கும்போல. எனக்கு ஒன்றைத் தெரியும்.

பிப்ரவரி 13, காலை 7.30

ஆடு படுத்துக்கொண்டும் அசைபோடும் என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். சரி, ஒப்புக்கொள்கிறேன். வேதத்தை அசைபோடுவதையும் படுத்துக்கொண்டே செய்யலாம் என்று ஆகிறது. உங்கள் திருத்தத்தால் என் கட்சிதான் பலமாயிற்று.

பிப்ரவரி 17, இரவு 11.15

கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார்: நான்கு மணி நேரம், அதுவும் விட்டு விட்டு. வேலையில் இரண்டு பேர் பொறுப்பு இவர் தலையில். கூடவே சபையில் வாலிபர் ஐக்கியம். யாராவது வந்து கஷ்டத்தைச் சொன்னால் முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொள்கிறாராம், உள்ளே ஒன்றும் அசையவில்லையாம். "நான் கல்லாகிவிட்டேனா?"

இல்லை. இதற்குப் பெயரே இருக்கிறது. 1974-இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் "பர்ன் அவுட்" பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பணத்துக்காக வேலை பார்த்துச் சலித்தவர்களைப் பார்த்து அவர் அதை எழுதவில்லை. நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ மையத்தில் மனமுவந்து உழைத்தவர்களைப் பார்த்து எழுதினார். அவர்களில் அவரும் ஒருவர். ஈடுபாடு மிகுந்தவர்கள்தான் முதலில் எரிந்துபோகிறார்கள். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் அதை மூன்று கூறாகப் பிரித்தார்: வற்றிப்போதல், மனிதர்கள்மேல் மரத்துப்போதல், நான் செய்வதால் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுதல். கல்லாகிவிட்டேனா என்கிறீர்களே, அது இந்த இரண்டாவது.

உலக சுகாதார நிறுவனமும் இதை வியாதி என்று ஒப்புக்கொண்டுவிட்டது.

பிப்ரவரி 17, இரவு 11.50

கடைசி வரி தப்பு. 2019-இல் அவர்கள் தந்த விளக்கத்தில் இது வியாதி இல்லை, வேலை சார்ந்த ஒரு நிலை, அவ்வளவுதான். அதுவும் வேலையிடத்துக்கு மட்டும்தான் பொருந்துமாம், வாழ்க்கையின் மற்றப் பகுதிகளுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாதாம். அதாவது பகலில் நான் களைத்தால் அதற்குப் பெயர் உண்டு, ராத்திரி செருப்புத் தேடிக் களைத்தால் கிடையாது.

பாலைவனத் துறவிகள் இந்த விஷயத்தில் தாராளமானவர்கள். நான்காம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ், "அக்கேடியா" என்ற சோர்வைப் பற்றி எழுதியிருக்கிறார். முற்பகலில் வந்து பிடிக்குமாம். சூரியன் நகராததுபோல் இருக்கும், ஒரு நாளைக்கு ஐம்பது மணி நேரம் என்று தோன்றும். துறவி அடிக்கடி வெளியே எட்டிப் பார்ப்பார், யாராவது வருகிறார்களா என்று. நாம் போனை எடுத்துப் பார்ப்பதுபோல. மருந்து, இடத்தை விட்டு ஓடாமல் உட்கார்ந்திருப்பது என்றார்கள்.

இதைப் படித்துவிட்டு நானும் ஓடாமல் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்தபடியே தூங்கினேன். மருந்து நல்ல மருந்துதான், வியாதிதான் வேறு. அறையில் தனியே இருந்து அலைகிற மனதுக்குச் சொன்னதை, நாளெல்லாம் நின்று கால் வீங்கியவளுக்குக் கொடுக்க முடியாது.

பிப்ரவரி 18, மாலை 7.10

கோபத்தோடு ஒரு விஷயம். நான் இப்படி இருந்த காலத்தில், சபையில் மூத்தவர் ஒருவர் என் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "உள்ளே ஏதோ அறிக்கை செய்யாத பாவம் இருக்கிறது, ஆராய்ந்து பார்" என்றார். ஆராய்ந்தேன். ஒரு வாரம் ஆராய்ந்து, ஒன்பதாம் வகுப்பில் தோழியின் பேனாவைத் திருப்பிக் கொடுக்காதது வரைக்கும் போனேன். ஆவிக்குரிய வறட்சி என்று நானே முடிவுகட்டி, வாரம் இரண்டு நாள் உபவாசமும் இருந்தேன்.

மூன்றாவது வாரம் படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதினார். நல்ல இரத்தசோகை. அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, இந்த உடம்போடு உபவாசமா என்று கேட்டார். அப்புறம் தூக்கம், அழுகை, எதிலும் பிடிப்பு இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டு, மனநல மருத்துவர் ஒருவரையும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். சில மாதம் மாத்திரை சாப்பிட்டேன். சபையில் யாருக்கும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

சூரைச்செடியின் கீழ் தேவதூதன் கொண்டுவந்தது தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். எனக்கு இரும்புச்சத்து மாத்திரை. அனுப்பியவர் வேறு ஆள் என்று நான் நினைக்கவில்லை.

உங்களிடம் நேராகவே கேட்கிறேன்: எலியாவின் அந்த ஜெபம், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்பது, உங்களுக்கும் வருகிறதா? வந்தால் இந்த இழைக்குக் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரையும் பாருங்கள்.

பிப்ரவரி 19, காலை 6.00

மருந்து சாப்பிட்ட விசுவாசிகள் பெரியவர்களில் உண்டா என்று ஒருவர் கேட்கிறார். மருந்தைப் பற்றித் தெரியாது. மனம் உடைந்தவர்கள் உண்டு. ஸ்பர்ஜன் என்ற ஆங்கிலேயப் பிரசங்கி. 1856 அக்டோபரில், அவருடைய 22-ஆவது வயதில், லண்டன் சர்ரே கார்டன்ஸ் மண்டபத்தில் அவர் பிரசங்கித்துக்கொண்டிருக்கும்போது யாரோ தீ என்று கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அந்த இருள் ஆயுசு முழுவதும் அவரை விட்டுவிட்டுப் பிடித்தது. அதை அவர் மறைக்கவில்லை. ஊழியத்துக்குப் படித்த மாணவர்களிடம் உடம்பு, வேலைப்பளு, தனிமை எல்லாம் இதற்குக் காரணமாகும் என்று விளக்கமாகவே பேசினார். குளிர்காலங்களில் பிரான்சின் தெற்குக் கடற்கரையில் மென்டன் என்ற ஊருக்குப் போய் ஓய்வெடுப்பார். 1892-இல் இறந்ததும் அங்கேதான்.

பிரசங்கிகளின் இளவரசர் என்று பேரெடுத்தவருக்கே விடுப்பு தேவைப்பட்டிருக்கிறது.

பிப்ரவரி 24, இரவு 10.30

நான் எழுதியதைப் படித்துவிட்டு, எல்லாப் பொறுப்பையும் உதறிவிடலாம் என்று ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படிச் சொன்னேனா? சொல்லவில்லை. ஆனால் யோசித்தால், அப்படித் தொனிக்கத்தான் செய்கிறது.

அம்மாவை நான் எங்கே உதறுவது?

மத்தேயு 11-இல் 28-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம், அதுதான் சிக்கல். அடுத்த வசனம் "என் நுகத்தை உங்கள்மேல் ஏற்றுக்கொண்டு" என்கிறது. நுகம் ஓய்வெடுக்கிற சாமான் இல்லை, உழுகிற சாமான். களைத்து வந்தவன் கழுத்தில் இன்னொரு நுகமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. "என் நுகம் மெதுவாயும்" என்று நாம் படிக்கிற இடத்தில் இருக்கும் கிரேக்கச் சொல்லுக்கு நல்லது, இதமானது என்று பொருள். உரசாத நுகம் என்று வைத்துக்கொள்ளலாம். பாரத்தால் மட்டும் மாட்டின் கழுத்து புண்ணாவதில்லை, பொருந்தாத கட்டையாலும் ஆகிறது.

அப்படியென்றால் எந்தக் கட்டை என்னை உரசுகிறது? ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அம்மா பாரம்தான், ஆனால் உரசவில்லை. செருப்புத் தேடும்போது சில நாள் இருவரும் சிரித்துவிடுவோம். வேலை கொஞ்சம் உரசுகிறது. 38 பெயர்கள் உரசின. தாளின் கடைசியில், நானே எதிர்பாராமல், ஒன்றை எழுதியிருந்தேன்: "அவள் இருந்தால் நடந்துவிடும் என்று மற்றவர்கள் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது." இதை யாரும் என் கழுத்தில் மாட்டவில்லை. நானே செதுக்கி மாட்டிக்கொண்டது.

இதற்குமேல் இதைப் பற்றி இன்றைக்கு எழுத முடியாது.

பிப்ரவரி 26, இரவு 9.50

மாற்கு 6. சீஷர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. "வனாந்தரமான ஓரிடத்தில் தனித்து சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்று இயேசு கூட்டிக்கொண்டு போகிறார். படகைவிட்டு இறங்கினால் எதிரே ஜனக்கூட்டம். ஓய்வு போயிற்று, ஐயாயிரம் பேருக்குப் பந்தி பரிமாறும் வேலை வந்தது. விடுமுறை எடுத்தவர்களுக்கு இந்த அனுபவம் புரியும்.

முன்பு இதைப் பிரசங்கத்தில் கேட்டபோதெல்லாம், ஓய்வைவிட ஊழியம் பெரிது என்றுதான் முடிப்பார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பந்தி முடிந்ததும் அவர் சீஷர்களைப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஜனங்களையும் அனுப்பிவிட்டு, தனியே மலைக்குப் போகிறார். தள்ளிப்போனதே தவிர, விட்டுப்போகவில்லை. அதே சுவிசேஷத்தில் இரண்டு அதிகாரம் முன்னால் அவர் புயலில் தூங்குகிறார். தலையணை வைத்துத் தூங்கினார் என்று மாற்கு மட்டும்தான் எழுதியிருக்கிறார். அந்தத் தலையணையை எழுதிவைத்ததற்காக மாற்குக்கு நன்றி.

மார்ச் 1, இரவு 11.00

சொல் வராதபோது எப்படி ஜெபிப்பது என்று இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள்.

நான் என் சொந்த வார்த்தையில் ஜெபிப்பதை நிறுத்திவிட்டேன். சங்கீதத்தை எடுத்து மெதுவாக வாசித்தேன், அவ்வளவுதான். அதிலும் 88. மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது ஒரு "ஆனாலும்" வந்துவிடும். 88-இல் வராது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் இருள். அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துப்போடவில்லை. இருளில் முடிகிற ஒரு ஜெபத்தையும் அவர் கேட்டு வைத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் பல துதிப் பாடல்களைவிடப் பெரிய ஆறுதல்.

சில ராத்திரிகளில் அதுவும் முடியாது. ரோமர் 8:26-இல் ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று இருக்கிறதே, பெருமூச்சு விட எனக்குத் தெரியும். அதை விட்டேன்.

அப்புறம் சங்கீதம் 131. மூன்றே வசனம். "பால்மறந்த குழந்தையைப்போல" என்று ஒரு வரி. பால் குடிக்கிற குழந்தை தாயின் மடிக்கு வந்தால் ஒன்றைக் கேட்டு வரும். பால் மறந்த குழந்தை சும்மா வந்து மடியில் கிடக்கும். நான் எப்போதும் கேட்டுக்கொண்டேதான் போயிருக்கிறேன், 38 பேருக்காக. போன வாரம் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார், நான் தரையில். என் தலையில் கைவைத்து, யாரம்மா நீ என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் யார் என்பதே தெரியாமல்.

மார்ச் 3, மாலை 8.20

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

யாத்திராகமம் 18 காரணம். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜனங்கள் மோசேயைச் சுற்றி நிற்கிறார்கள். மாமனார் எத்திரோ பார்த்துவிட்டு, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்கிறார். தொய்ந்துபோவீர் என்கிறார். நீர் மட்டுமல்ல, உம்மோடிருக்கிற ஜனங்களும். இந்த இரண்டாம் பாதி எனக்கு இவ்வளவு நாள் உறைக்கவில்லை. நான் களைத்தால் அம்மாவும் களைக்கிறார். என் குரல் ஏறினால் அவர் கை நடுங்குகிறது.

வழக்கமான பல்லவியைப் பாடக் கூடாது என்று தாளில் ஒரே வரி எழுதி வைத்துக்கொண்டு பேசினேன்: "மாசக் கடைசியில் ஒரு வாரம் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா?" அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ கேட்டதே இல்லையே" என்றார்.

கோபம்தான் வந்தது. கேட்டால்தானா? ஆனால் அவர் சொன்னது உண்மை. நான் புலம்பியிருக்கிறேன், குத்திக்காட்டியிருக்கிறேன், கேட்டதில்லை.

மார்ச் 10, செவ்வாய், மாலை 5.30

அண்ணன் வரும்வரைக்கும் பொறுக்க முடியாமல், செவ்வாய்தோறும் மதியம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சகோதரியை அம்மாவோடு உட்காரச் சொன்னேன். இன்றைக்கு முதல் நாள். ஓய்வுநாள் கட்டளைக்கு யாத்திராகமம் சிருஷ்டிப்பைக் காரணம் சொல்லும். உபாகமம் 5:15 வேறு காரணம் சொல்லும்: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினை. அடிமைக்கு விடுமுறை கிடையாது, ஆகையால் ஓய்வெடுப்பது விடுதலையானவன் என்பதற்கு அடையாளம். இப்படியெல்லாம் பெரிதாக நினைத்துக்கொண்டு வேதமும் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போனேன்.

ஒரு மணி நேரம் போனைப் பார்த்தேன். மீதி நேரம் குற்ற உணர்ச்சி.

மார்ச் 17, செவ்வாய், மாலை 5.45

இன்றைக்கு எதையும் எடுத்துப்போகவில்லை. ஒரு மரத்தடி பெஞ்சில் தூங்கிவிட்டேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன், தொண்டை வறண்டிருந்தது.

மார்ச் 22, ஞாயிறு, மதியம் 1.30

கேட்டவர் எழுதியிருக்கிறார். மருத்துவரைப் பார்த்தாராம். வாலிபர் ஐக்கியத்தை மூன்று மாதத்துக்கு வேறு இருவரிடம் கொடுத்திருக்கிறாராம். இன்னும் பாட்டு வரவில்லை, ஆனால் போன வாரம் ஆராதனையில் பக்கத்திலிருந்த கிழவர் அபஸ்வரமாகப் பாடியதைக் கேட்டுச் சிரிப்பு வந்ததாம். சிரிப்பு வந்ததா! அது போதும், பாட்டு பிறகு வரட்டும்.

என் பங்குக்கு, ஓய்வுநாள் பள்ளிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். இன்று காலை புது ஆள் இருபது நிமிடம் தாமதமாக வந்து திறந்தார். பிள்ளைகள் வெளியே ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் இல்லாமல் ஒன்றும் இடிந்துவிழவில்லை. நிம்மதியாக இருந்தது; கொஞ்சம் வலிக்கவும் செய்தது. ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று கேட்டபோது எலியாவுக்கு எப்படி இருந்தது என்று எழுதப்படவில்லை.

அந்தத் தாளில் கடைசியாக எழுதிய வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இன்னும் அடிக்கவில்லை.

மார்ச் 30, இரவு 8.40

அண்ணன் வந்துவிட்டார். அம்மாவுக்கு அவரையும் தெரியவில்லை, ஆனால் நல்ல பையன் என்கிறார். நான் இரண்டு ராத்திரி ஒரு தோழி வீட்டில். மருந்து நேரம், குளியல், இரவு விளக்கு எல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். செருப்பைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். இப்போது போன் செய்து சொல்லலாமா என்று யோசித்து, செய்யவில்லை.

மார்ச் 31, காலை 7.25

அண்ணனிடமிருந்து மெசேஜ், ராத்திரி 2.40-க்கு அனுப்பியது: "இடது செருப்பு எங்கே?"

நான் பார்த்தது இப்போதுதான்.